இரண்டாம் மாடிக்குப் போன தேன்

அந்த நாலு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. ஊரிலுள்ள லிஃப்டுகளையெல்லாம் பழுதுபார்க்கிற மெக்கானிக் அதன் உச்சி மாடியில் குடியிருந்து, தினமும் எழுபத்திரண்டு படி ஏறி இறங்கினார். இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் அங்கே இல்லை. ஆனால் தொண்டை கட்டிக்கொண்டால் சிரித்தவர்களும் அவர் கதவைத்தான் தட்டுவார்கள். தேன்காரர் என்றுதான் அவருக்குப் பெயர்.

லிஃப்ட் குழியின் தூசி நெஞ்சில் ஏறி ஒரு காலத்தில் அவரை இருமல் பாடாய்ப் படுத்தியிருந்தது. மாத்திரைக்கு அசையாத இருமல், படுக்கப் போகுமுன் குடித்த ஒரு கரண்டித் தேனில் அடங்கியது. அன்று பிடித்த பைத்தியம். தேனீ வளர்க்கிற நண்பரிடம் வாங்கி வந்து, நன்றாகக் காயவைத்த கண்ணாடிப் பாட்டில்களில் ஊற்றி, அடுப்புச் சூடும் வெயிலும் அண்டாத அலமாரியில் அடுக்கிவைப்பார். ஈரக் கரண்டி உள்ளே போனால் தேன் நுரைத்துப் புளித்துவிடும் என்பதால், அலமாரியைத் திறக்கும் முன் கையைத் துடைத்தாக வேண்டும்.

"கட்டின பொண்டாட்டிக்கு இல்லாத மரியாதை அதுக்கு" என்பாள் மனைவி.

அன்று காலை வேலைக்கு இறங்கியபோது, இரண்டாம் மாடிக்குப் புதிதாகக் குடிவந்திருந்த அச்சகக்காரன் வழிமறித்தான். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"அண்ணே, ரெண்டு நாளா வீட்ல ஒரே இருமல். உங்ககிட்ட தேன் இருக்காமே?"

"இதைக் கேக்கவா இவ்வளவு தயக்கம்?"

மறுபடி மேலே ஏறிப்போய்ச் சின்னப் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து அவன் கையில் திணித்தார். காய்ந்த கரண்டியால் எடுக்கச் சொன்னார், மூடியை இறுக்கச் சொன்னார். இருமல் யாருக்கு என்று மட்டும் கேட்கவில்லை.

அன்றைக்கு ஒரு மருத்துவமனையில் வேலை. லிஃப்ட் கூண்டு இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றிருந்தது. கதவைக் கழற்றிவைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். படியேறி வந்த நர்ஸ் ஒருத்தி மூச்சு வாங்க நின்று இருமினாள். இவருக்கு வாய் சும்மா இருக்குமா?

"வெதுவெதுப்பான தண்ணியில ஒரு ஸ்பூன் தேன் கலந்து குடிங்கம்மா. எங்க பில்டிங்ல நான்தான் டாக்டர்."

அவள் சிரித்துவிட்டாள். "பெரியவங்களுக்குச் சரி டாக்டரே. ஒரு வயசு ஆகாத குழந்தைக்கு மட்டும் குடுத்துடாதீங்க. தேன்ல ஒரு கிருமி இருக்கலாம். நம்மள ஒண்ணும் பண்ணாது. கைக்குழந்தை வயித்துக்குள்ள போனா விஷத்தைக் கக்கும். கைகால் துவண்டு மூச்சே திணறிடும். எங்க வார்டுல ஒரு குழந்தையப் பாத்திருக்கேன்."

அச்சகக்காரன் வீட்டில் மூன்றே பேர். அவன், அவன் மனைவி, ஏழு மாசக் குழந்தை.

தையற்கடைக்குப் போயிருந்த தன் மனைவியைப் போனில் கூப்பிட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அச்சகக்காரன் நம்பரும் இல்லை. போட்டது போட்டபடி ஓடலாம் என்றால், திறந்து கிடக்கும் குழிக்குள் யாராவது காலை வைத்துவிட்டால்? கதவை மாட்ட வேண்டும், மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்ட வேண்டும், பலகை தொங்கவிட வேண்டும். இருட்டிலும் திருகாணி முடுக்குகிற விரல்கள் அன்று நாலு தடவை வழுக்கின. உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துத் துடைத்து முடித்தார்.

வண்டியில் பறந்து வந்து இரண்டாம் மாடிக் கதவைத் தட்டினார். அச்சகக்காரன் மனைவி திறந்தாள்.

"தேன்... குழந்தைக்குக் குடுத்தியாம்மா?"

"காலையில விரல்ல தொட்டு நாக்குல வெச்சேண்ணே. அப்புறம் நல்லாத் தூங்கறான்."

"எழுப்பு!"

அவள் ஓடிப்போய்த் தூக்கினாள். குழந்தையின் கை தொங்கியது. தூக்கத்தில் தொங்குகிறதா, துவண்டு தொங்குகிறதா? கன்னத்தைத் தட்டினாள். அசைவில்லை. மறுபடி தட்டினாள். முகத்தைச் சுளித்து, ஊரே கேட்கும்படி வீறிட்டது குழந்தை. தேன்காரர் நர்ஸ் சொன்னதைச் சொல்லி, தாயையும் பிள்ளையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

சேதி கேட்டு அச்சகக்காரனும் மருத்துவமனைக்கு ஓடிவந்தான். டாக்டர் கண் இமையைப் பார்த்தார், கழுத்து நிற்கிறதா என்று பார்த்தார். "பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா ஒரு மாசம் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாருங்க. மலச்சிக்கல், பால் குடிக்கத் திணறுறது, அழுகை மெலியறது, இமை சரியறது... எது வந்தாலும் உடனே தூக்கிட்டு வாங்க" என்றார்.

வெளியே வந்ததும் அச்சகக்காரன் கேட்டான். "யாருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லண்ணே?"

அன்று மாலை மனைவி மெதுவாகச் சொன்னாள்: "நம்ம பொண்ணுக்கு அஞ்சு மாசத்துலயே குடுத்தோமேங்க." இப்போது கல்லூரிக்குப் போகிற மகள் கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன்பின் படியிறங்கும்போதெல்லாம் இரண்டாம் மாடியில் நின்று காது கொடுப்பார். அழுகை கேட்டால் உயிர் வரும். கேட்காவிட்டால் கதவைத் தட்டத் தைரியமின்றி அங்கேயே நிற்பார். நாலாம் நாள் இடி விழுந்தது. குழந்தை மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லையாம். மறுபடி மருத்துவமனை. பால் நன்றாகக் குடிக்கிறது, கால் உதைக்கிறது, ஒரு நாள் இங்கேயே வைத்துப் பார்ப்போம் என்றார்கள். வார்டுக்கு வெளியே பெஞ்சில் அச்சகக்காரன் ஒரு முனையிலும் இவர் மறுமுனையிலும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இன்னும் மூன்று பேர் உட்காரலாம்.

மறுநாள் காலை உள்ளேயிருந்து அச்சகக்காரன் மனைவி சத்தம் போட்டாள்: "வெளிக்குப் போயிட்டாங்க! போர்வை, பாய், என் புடவை, எல்லாத்துலயும் போயிட்டான்!"

வார்டே சிரித்தது. தேன்காரர் முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு குலுங்கினார். அச்சகக்காரன் பார்த்தான். பக்கத்தில் வரவில்லை. ஆனால் டீ வாங்கப் போனவன் இரண்டு டீயாக வாங்கிவந்து, ஒன்றைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனான்.

மாதம் முடியும் மட்டும் வேறெதுவும் வரவில்லை. தேன்காரர் பாட்டில்களை எடுத்து எறிந்துவிடவில்லை. இப்போதும் கேட்பவர்களுக்குக் கொடுக்கிறார். ஆனால் யாருக்கு இருமல், என்ன வயசு, எத்தனை நாளாக இருமுகிறார்கள் என்று கேட்டுக் குடைந்துவிட்டுத்தான் அலமாரிப் பக்கமே போகிறார். "ஒரு கரண்டித் தேனுக்கு இத்தனை விசாரணையா?" என்று முதல் மாடிக்காரர் அலுத்துக்கொண்டபோது, "ஆமாங்க" என்று மட்டும் சொன்னார்.