அம்மியில் வைத்த வைரம்

திறந்து கிடந்த டப்பாவிலிருந்து கற்பூர வாசம் அடுக்களை வரை வந்துகொண்டிருந்தது. திறந்து வைத்தவள் நான்தான். பதினொன்றாம் வகுப்பில் வேதிப்பிணைப்புகளை வலிமைப்படி டீச்சர் பலகையில் எழுதிப்போட்ட வாரம் அது. கற்பூரத்தின் மூலக்கூறுகள் பேருக்குத்தான் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, உருகக்கூடக் காத்திராமல் காற்றோடு போய்விடும் என்று அவர் சொன்னதும், பின்வரிசையில் ஒருத்தி, "எங்க மாமா மாதிரி டீச்சர், சொல்லாம கொள்ளாம போயிருவாவ" என்றாள். "மாமாவ விடுட்டி, வைரத்தப் பாரு. ஒவ்வொரு கரி அணுவும் நாலு பேரு கையப் புடிச்சிக்கிட்டு நிக்கும். பிரிச்சிருவியா நீ?" என்றார் டீச்சர்.

நான் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். கல்லுப்பை இரும்புச் சட்டியில் எவ்வளவு காய்ச்சியும் வெடித்ததே தவிர உருகவில்லை. அதே உப்பு ஒரு தம்ளர் தண்ணீரில் கொஞ்ச நேரத்தில் காணாமல் போனது. செம்புப் பானையைக் கல்தரையில் போட்டேன், நசுங்கியது, உடையவில்லை. வைரம்தான் பாக்கி.

அம்மாவின் ஏழு கல் வைரத் தோடு, மூத்த மகள் என்பதால், தை மாதக் கல்யாணத்தில் அக்காவின் காதுக்குப் போக வேண்டியது. சீவலப்பேரி வயல்கள் கைமாறிய பின் வீட்டில் மிஞ்சியிருந்த பழைய பொருள் அது ஒன்றுதான். அதில் ஒரு கல் ஆட்டம் கண்டு கழன்றுவிட, ஆசாரியிடம் கொடுப்பதற்காக அம்மா அதைத் தாளில் மடித்து வைத்திருந்தாள். கல் கழன்றது அப்பாவுக்கு அப்போது தெரியாது. நான் அந்தக் கல்லை எடுத்து அம்மியில் வைத்துச் சுத்தியலால் ஒரு போடு போட்டேன்.

பெரிய சத்தம் எதுவும் இல்லை. மூன்று சில்லுகள், கொஞ்சம் தூள். உலோகத்தின் அணுக்கள் அடிபட்டால் நகர்ந்துகொண்டு மறுபடி பிடித்துக்கொள்ளும். வைரத்தின் அணுக்களுக்கு நகரத் தெரியாது, அடி ஒரு வாக்கில் விழுந்தால் பிளந்துவிடும். இதைப் பிறகுதான் படித்தேன். பலகையில் இருந்த வரிசையில் சுத்தியல் இல்லை.

அம்மா ஈரக்கையோடு வந்து பார்த்தாள். "என்னட்டி செஞ்ச?" என்றவள், சில்லுகளை முந்தானையில் வழித்துக்கொண்டு, "வாயத் தொறந்திராத. நான் பேசிக்கிடுதேன்" என்றாள்.

குளிக்கும்போது கல் ஆற்றில் விழுந்துவிட்டது என்று அப்பாவிடம் சொன்னாள். "காதுல கெடக்கதக் காப்பாத்தத் துப்பில்ல" என்றார் அப்பா. அதற்குப் பிறகு கல்யாணம் வரைக்கும் அவளிடம் நேராகப் பேசவில்லை. "சோறு போடச் சொல்லு" என்று என்னிடம் சொல்வார், நான் போய்ச் சொல்வேன். ஆசாரி கண்ணாடிக் கல் ஒன்றைப் பதித்துக் கொடுத்தார், அக்கா போட்டுக்கொண்டு போனாள். அதன் பின் சாகும் வரையில் வீட்டில் சாவியோ கண்ணாடியோ எது காணாமல் போனாலும், "ஆத்துல போயிருக்கும்" என்பார் அப்பா. அம்மா என் பக்கம் திரும்ப மாட்டாள். நானும் அவள் சொன்னபடியே வாயைத் திறக்கவில்லை. அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

போன வருடம் அம்மாவும் போய்விட்டாள். அவள் பெட்டியை ஒழித்தபோது அந்தக் கற்பூர டப்பா கிடைத்தது. உள்ளே மடித்த தாளில் மூன்று சில்லுகள்.

அவற்றைக் கைப்பையில் எடுத்துக்கொண்டுதான் போன மாதம் அக்காவோடு டவுனில் நகைக்கடைக்குப் போனேன். தன் மகள் கல்யாணத்துக்கு அக்கா தோட்டை மெருகு போடக் கொடுத்தாள். கடைக்காரர் உருப்பெருக்கியில் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணு கண்ணாடியால்லாம்மா இருக்கு" என்றார்.

"எங்க அம்ம ஆத்துல தொலைச்சுட்டா, அண்ணாச்சி" என்று சிரித்த அக்கா, என் பக்கம் திரும்பி, "அப்பாட்ட என்ன ஏச்சு வாங்குனா, என்னட்டி?" என்றாள்.

பை என் மடியில் இருந்தது.

"ஆமாக்கா" என்றேன்.

வீட்டுக்கு வந்து தாளை மறுபடி டப்பாவில் வைத்தேன். கற்பூரம் என்றைக்கோ போய்விட்டது, வாசம்கூட இல்லை. சில்லுகள் இருக்கின்றன.