சேற்றை எழுதிய ஹெத்விகா

ஹெத்விகாவைப் பற்றிக் கேட்டால் எங்கள் நாடக அரங்கில் ஆளுக்கு ஒரு கதை விடுவார்கள். ஒன்றையும் நம்பாதீர்கள். பதினாலு வருஷம் அவள் பக்கத்தில் நின்று வர்ணத்தில் கலக்க வஜ்ரப் பசை காய்ச்சியவள் இந்த ஒத்திலா. நான் சொல்வதுதான் நடந்தது.

ப்ராகிலிருந்து பெரிய ஓவியர்கள் கையகல அட்டையில் காட்சியை வரைந்து அனுப்புவார்கள். ஹெத்விகா அதன்மேல் கட்டம் போடுவாள். மேடைக்குப் பின்னால் தொங்கப்போகும் படுதாவைத் தரையில் விரித்து அதன் மேல் நின்றுகொண்டு, துடைப்பம் நீளத் தூரிகையால் கட்டம் கட்டமாகப் பெரிதாக்குவாள். சொந்தமாக ஒரு கோடு போட்டதில்லை. போடவும் கூடாது, அதுதான் இங்கே சட்டம்.

அந்த இலையுதிர்காலத்தில் புது செக் ஓபரா ஒன்று எங்களுக்கு வந்தது. கதையே எங்கள் தெற்கு பொஹீமியாவில் நடப்பது. மூன்றாம் அங்கத்தில் கெண்டை பிடிக்கும் நாள், நாற்பது பேர் பாடிக்கொண்டே வலை இழுக்க வேண்டும். காட்சி வரைந்தவர் வாவ்ரா. பெரிய கை.

அட்டையைப் பார்த்ததும் ஹெத்விகா என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, இங்க வா. குளத்துல தண்ணி ததும்புது பாரு."

"குளம்னா தண்ணி இல்லாம பீரா இருக்கும்?"

"மீன் பிடிக்கிற அன்னிக்கா?"

எனக்குச் சுருக்கென்றது. மூன்று வாரம் முன்பே மடையைத் திறந்து குளத்தை வடித்துவிடுவார்களே! மீனெல்லாம் மடைப்பள்ளத்தில் துள்ளும், ஆட்கள் தொடையளவு சேற்றில் நிற்பார்கள். ஓபராவை முதல் நாள் பார்க்க வரப்போவதும் அந்த ஆட்கள்தான். ததும்பும் தண்ணீரில் வலை இழுப்பதைக் கண்டால் சிரித்தே ஓபராவைக் கொன்றுவிடுவார்கள்.

ஹெத்விகா நிர்வாகி ஹானுஷிடம் போய்ச் சொன்னாள்.

"ப்ராக்காரர் தண்ணி போட்டா தண்ணிதான். ஒரு சொட்டு கொறைஞ்சாலும் உன் சீட்டைக் கிழிச்சிருவேன்."

படுதா எழுதுவதைத் தவிர வேறு வேலை அவளுக்குத் தெரியாது, பிடிக்கவும் பிடிக்காது. ஆனாலும் மறுநாள், "அக்கா, வஜ்ரம் கொஞ்சம் கூடவே காய்ச்சு" என்றாள். தண்ணீருக்குப் பதிலாகச் சேற்றை எழுதத் தொடங்கினாள். நானும் காய்ச்சிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை வாவ்ரா வந்து இறங்கியபோது படுதா இன்னும் ஈரம்.

"என்ன இது, தாரைக் கொட்டிட்டீங்களா?"

"ஈரத்துல கருப்பாத்தான் தெரியும் ஐயா. காய்ஞ்சா வெளுக்கும்."

"என் குளம் எங்கம்மா?"

"வடிஞ்சு போச்சு ஐயா."

சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு! ஹானுஷ் சிரிக்கவில்லை. நாளைய ஆட்டத்தோடு அவளுக்கு வேலை இல்லை என்று அங்கேயே சொல்லிவிட்டான். வேறு படுதா எழுத நேரமில்லாததால், வேறு வழியின்றி அதையே தொங்கவிட்டார்கள்.

ஞாயிறு பிற்பகல் ஆட்டம். மூன்றாம் அங்கத்துக்குத் திரை உயர்ந்தது. காய்ந்த சேறு சாம்பலும் வெள்ளியுமாகப் பளபளத்தது, நடுவில் கொஞ்சூண்டு தண்ணீரில் விடியல் வெளிச்சம். அரங்கில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. தொலைந்தோம் என்று நினைத்தேன்.

மேல்மாடியிலிருந்து ஒருவன் கத்தினான்: "அடேய், நம்ம குளம்டா!"

அவ்வளவுதான். கைதட்டலும் பூட்ஸ் உதையும் கூரையைப் பிய்த்தன. பாடகர்கள் இன்னும் வாயே திறக்கவில்லை, ஒரு துணிக்கு அத்தனை கைதட்டல்! வாத்தியக்காரர்கள் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று.

ஆட்டம் முடிந்ததும் மேடையேறி மூன்று தடவை தலைவணங்கியது யார்? வாவ்ரா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரு வார்த்தை சொல்றானா பாரு, கல்லுளிமங்கன்!"

"விடுக்கா, யாரும் சிரிக்கல. அது போதும்" என்றாள் ஹெத்விகா. போதுமாம்! அவள் கண் சிவந்திருந்ததை நான் பார்க்கவில்லையா?

பக்கத்து பீர்க்கடையில் விருந்து. மீனவர்கள் அகலத் துடுப்போடு உள்ளே வந்தார்கள். சேற்றில் இறங்கிய புது ஆளைக் குனியவைத்துப் பின்பக்கம் துடுப்பால் ஒரு போடு போட்டால், அன்றிலிருந்து அவன் எங்கள் மீனவன். எத்தனை பெரிய மனிதனும் அதை மறுக்கமாட்டான். ஹெத்விகாவின் அப்பா மத்யேய்தான் அவர்களுக்குத் தலைவர். சேறு வாவ்ராவின் கைவேலை என்று நினைத்து நேரே அவரிடம் போனார்.

"குனிங்க ஐயா. அடிக்கு முன்னாடி வழக்கமான கேள்வி. எந்தக் குளத்துல நின்னீங்க? சேறு எதுவரைக்கும் வந்துச்சு?"

வாவ்ராவின் முகம் குப்பென்று சிவந்தது.

"நான் நிக்கல. நான் தண்ணிதான் வரைஞ்சேன். அந்தச் சேறு உங்க பொண்ணோடது."

பெண் யாருக்கும் அந்த அடி கிடைத்ததே இல்லை. மத்யேய் மகள் பக்கம் திரும்பினார்.

"வாடீ இங்க. எந்தக் குளம்?"

"உன் குளம்ப்பா."

"எதுவரைக்கும்?"

"எட்டு வயசுல, இடுப்பு வரைக்கும்."

விழுந்தது அடி. குவளைகள் மேசையில் குதித்தன, நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

ஹானுஷ் நைசாகப் பக்கத்தில் வந்தான். "நாளைக்கு எட்டு மணிக்கு வந்துரும்மா."

அவள் பின்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே நிமிர்ந்தாள். "வரேன் ஐயா. ஆனா அடுத்த ஓபராவுக்குக் காட்சி நான்தான் வரைவேன்."

"வரையட்டும்" என்றார் வாவ்ரா, ஹானுஷ் வாயைத் திறப்பதற்குள்.