சித்தப்பாவின் பாஸ்வேர்டு

எனக்குப் பத்து வயதில் எங்கள் வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. கூடவே சித்தப்பாவின் சட்டதிட்டங்களும் வந்தன. ஊருக்கு வெளியே கழக்கூட்டம் என்ற இடத்தில் ஒரு கம்பெனியில் அவருக்கு வேலை. அடுத்தவர் கம்ப்யூட்டருக்குள் திருடன் நுழையாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்த வேலை என்று அம்மா எங்கள் வலியசாலைத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். கல்யாண வயதில் இருக்கும் மைத்துனனைப் பற்றி நாலு பேரிடம் நல்லதாகச் சொல்ல வேண்டாமா?

காவல் வேலையைச் சித்தப்பா எங்களிடமிருந்தே ஆரம்பித்தார். அப்பா எல்லாவற்றுக்கும் வீட்டு நம்பரையே பாஸ்வேர்டாக வைத்திருந்தார். அதுதான் வாசலிலேயே எழுதியிருக்கிறதே என்று சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். அம்மா தன்னுடையதைக் காலண்டர் அட்டையில் பேனாவால் எழுதியிருந்தாள். சித்தப்பா அதன்மேல் காகிதம் ஒட்டினார்.

"பேர் வெக்கப்டாது, பொறந்த நாள் வெக்கப்டாது. எல்லாத்துக்கும் ஒண்ணையே வெக்கப்டாது. பேப்பர்ல எழுதப்டாது. பெத்த அம்மா கேட்டாலும் சொல்லப்டாது. மனசிலாச்சோ?"

பரீட்சை முடிகிறவரை நான் விளையாடக் கூடாது என்று கம்ப்யூட்டருக்கும் ஒரு பாஸ்வேர்டு போட்டார். அதைத் தட்டும்போது எல்லோரையும் அறையை விட்டு விரட்டுவார். என்னை மட்டும் விரட்ட மாட்டார், ஏனென்றால் என்னை அவர் ஆளாகவே எண்ணவில்லை. நான் பின்னால் நின்று விரல்களைப் பார்ப்பேன். ஒரு எழுத்தை இரண்டு தடவை தட்டுவார். சற்றுக் கழித்து வேறொரு எழுத்தை இரண்டு தடவை. அதற்கு மேல் எனக்குப் பிடிபடவில்லை.

ஒரு நாள் துவைக்கப் போட்ட அவருடைய சட்டைப் பையில் கோவில் ரசீது ஒன்று கிடைத்தது. எங்கள் கோவிலில் புஷ்பாஞ்சலிக்குப் பெயரும் நட்சத்திரமும் சொன்னால் கவுண்டரில் சீட்டு எழுதித் தருவார்கள். பூஜை முடிந்ததும் போற்றி, அதாவது அர்ச்சகர், அந்தச் சீட்டைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டுப் பிரசாதம் கொடுப்பார். இந்தச் சீட்டில் மலையாளத்தில் 'ஷீஜா, பூரம்' என்று இருந்தது. எங்கள் தெருவில் யாருக்கும் அப்படிப் பெயரில்லை. இரண்டு சொல்லையும் இங்கிலீஷில் எழுதிப் பார்த்தேன். முதலில் இரண்டு 'இ', பிறகு இரண்டு 'ஓ'. ஓடிப்போய்த் தட்டினேன், கம்ப்யூட்டர் திறந்துகொண்டது! மறந்துவிடாமல் இருக்கச் சித்தப்பா பாஸ்வேர்டைக் கோவிலில் எழுதி வாங்கி வைத்திருக்கிறார் என்று எனக்கு ஒரே சிரிப்பு. ஊருக்குத்தான் உபதேசம். சீட்டை என் ஜாமெட்ரி பெட்டிக்குள் ஒளித்துவைத்தேன்.

இரண்டு வாரம் கழித்துப் பாலக்காட்டிலிருந்து ஒரு மாமா வந்தார். அவருடைய தங்கை பெண்ணைச் சித்தப்பாவுக்குப் பார்த்திருந்தார்கள். அநேகமாக முடிந்த மாதிரிதான். ஜாதகமும் போட்டோவும் மெயிலில் அனுப்பியாயிற்றே, பார்த்தீர்களா என்று கேட்டார். அப்பா பார்த்திருக்கவில்லை. கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தார். பாஸ்வேர்டு தெரியவில்லை. சித்தப்பாவோ ஆபீஸில் இருந்தார், போனை எடுக்கவில்லை. அப்பா மானம் போகிறதே என்று நெளிந்தார். நான் அவரை நகரச் சொல்லிவிட்டு, சட்டப்படி ஒருவரும் பார்க்காமல் கையால் மறைத்துக்கொண்டு தட்டினேன்.

"கெட்டிக்காரியா இருக்கியே! எப்டிடி கண்டுபிடிச்சே?" என்றார் மாமா.

புகழ்ச்சி தலைக்கேறிவிட்டது. ஜாமெட்ரி பெட்டியை எடுத்துவந்து, சீட்டை நீட்டி, போற்றி கூப்பிடுகிற மாதிரியே உரக்கப் படித்தேன். "ஷீஜா, பூரம்!"

காப்பி டம்ளரோடு வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள். அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. மாமா சீட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்காத்துல பூரம் யாரு?"

திரையில் அந்தப் பாலக்காட்டுப் பெண்ணின் போட்டோ மெல்ல மெல்ல வந்து முழுசாகச் சிரித்தது. அதைப் பார்க்க ஒருவருமில்லை. மாமா காப்பி வேண்டாமென்று செருப்பை மாட்டிக்கொண்டார். நான் என்ன தப்புச் செய்தேன் என்று எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் சித்தப்பா உள்ளே நுழைந்ததும் அப்பா அந்தச் சீட்டை மேஜையில் வைத்தார்.

"யாருடா இது?"

"கூட வேலை பாக்கறவ, அண்ணா. நம்மவா இல்லை. நானே சொல்லணும்னுதான் இருந்தேன்."

"சொல்லிட்டா எல்லாம் சரியாயிடுமோ?"

அப்பா அவ்வளவு சத்தம் போட்டு நான் கேட்டதேயில்லை. பயத்தில் அழுதுவிட்டேன். மறுநாள் காலையில் சித்தப்பா பெட்டியோடு கிளம்பினார், கழக்கூட்டத்தில் ரூம் எடுத்திருப்பதாகச் சொன்னார். போகும்போது என் தலையில் கைவைத்து, "பேப்பர்ல எழுதப்டாதுன்னு நான்தானேடி சொன்னேன்" என்றார். என்னை அடித்திருந்தால்கூடத் தேவலை.

அதற்குப் பிறகு அப்பா ஷீஜா என்ற பெயரைக் காதில் வாங்கத் தயாராக இல்லை. சித்தப்பா சாப்பிட உட்காரும் இடத்தை அம்மா தினமும் ஒரு தடவை பார்ப்பாள். கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு இல்லாமல் திறந்து கிடந்தது. எனக்குத்தான் விளையாடப் பிடிக்கவில்லை.

அடுத்த மாதம் ஒரு நாள் காலை அம்மா என்னைக் கோவிலுக்குக் கூட்டிப்போனாள். கவுண்டரில் என்ன சீட்டு வாங்கினாள் என்று நான் கவனிக்கவில்லை. தெருப் பெண்கள் அத்தனை பேரும் சன்னதியில் நின்றார்கள். போற்றி வெளியே வந்து, சித்தப்பாவின் பெயரையும் நட்சத்திரத்தையும் படித்தார். அடுத்து உரத்த குரலில், "ஷீஜா, பூரம்!" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எல்லாத் தலைகளும் திரும்பின. "யாருடையது?" என்று யாரோ கேட்டார்கள்.

"எங்காத்துதான்" என்று அம்மா கூட்டத்தை விலக்கி முன்னால் போய்க் கையை நீட்டினாள்.

சித்தப்பாவின் பாஸ்வேர்டை இப்படித் தெருவுக்கே தெரியும்படி செய்துவிட்டாளே, அவர் சொன்னதில் ஒன்றுகூட இவளுக்கு மனசிலாகவில்லையே என்று நான் அம்மாவுக்காக வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.