உட்கார்ந்த இடத்திலிருந்து எடுக்க ஒரு லென்ஸ்

மாலைப் பிரார்த்தனைக்கான மணி அடித்து ஊர் அடங்கியிருந்த நேரத்தில் செய்தி வந்தது. அந்த நேரத்தில் எங்கள் கிராமத்தில் யாரும் சாலையில் நடப்பதில்லை, போனையும் எடுப்பதில்லை. அம்மா சங்கீதம் வாசித்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது, நின்றது, மறுபடியும் அடித்தது.

"பெனியாத்தான் இருக்கும். பேட்டரி வாங்கப் போனவன் எந்த பேட்டரின்னு கேக்கப் போறான். அடிக்கட்டும்," என்றேன்.

ஆமென் சொன்ன பிறகே எடுத்தேன். பேசியவர் பஸ் டிரைவர்.

என் தம்பி பெனியாமினா, சந்தை ஊரான சலேலோலோகாவிலிருந்து திரும்பும் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே இறந்துபோயிருந்தான். பஸ் நிறைந்துவிட்டதால் எங்கள் ஊர் வழக்கப்படி ஒரு பெண் அவன் மடியில் உட்கார்ந்து வந்திருக்கிறாள். பெரிய உடம்பு அவனுக்கு. பஸ்ஸில் ஏறுகிறவர்கள் அந்த மடியைத் தேடிப் பிடித்து உட்காருவார்கள். இறங்கும்போது அவள் நன்றி சொன்னாளாம். பதில் வரவில்லை. ஒரு நன்றியைக்கூடக் கேலி செய்யாமல் விட்டவன் இல்லை என்பதால் திரும்பிப் பார்த்திருக்கிறாள்.

இறந்தவனைப் பற்றி இதமாக எழுத வேண்டும் என்று தெரியும். ஆனால் அவனை நினைத்தால் எனக்கு முதலில் வருவது எரிச்சல்தான். ஒரு லென்ஸைத் தேர்ந்தெடுக்க ஒரு மனிதனுக்கு இரண்டு வருடமா ஆகும்?

பெனிக்குக் காலையில் கொக்கோத் தோட்டம், மற்ற நேரமெல்லாம் கேமரா. கல்யாணம், குடும்பத் தலைவர் பட்டம் சூட்டுதல், சாவு என்று எதுவானாலும் அவன்தான் எடுப்பான். ஆக்லாந்திலும் சிட்னியிலும் இருக்கிற சொந்தக்காரர்கள் அதைப் பார்த்து அழுவார்கள், சிரிப்பார்கள், யார் குண்டாகிவிட்டார்கள் என்று கணக்கெடுப்பார்கள். ஆக்லாந்தில் எங்கள் அண்ணன் சவுலோ இருக்கிறான். சிறுநீரகம் கெட்டுப்போய், வாரத்தில் மூன்று நாள் இயந்திரத்தோடு கட்டிப்போடுகிறார்கள். அவனால் விமானம் ஏற முடியாது. பெனி அனுப்பும் வீடியோதான் அவனுக்கு ஊர்.

பெனி முதலில் வாங்கியது ஜூம் இல்லாத லென்ஸ். எந்த நாட்டிலோ இருக்கிற ஒருவன் இணையத்தில் அதைப் புகழ்ந்து தள்ளியிருந்தான். இருட்டிலும் பளிச்சென்று எடுக்குமாம். ஜூம் இல்லையே என்றால், "உங்கள் கால்களே ஜூம், கிட்டே வேண்டுமா, நடந்து போங்கள்" என்றானாம். இவனும் தலையாட்டியிருக்கிறான்.

எங்கள் பெரிய வீட்டுக்குச் சுவர் கிடையாது, சுற்றிலும் தூண்கள்தான். குடும்பத் தலைவர்கள் ஆளுக்கொரு தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டால் அதன் பிறகு யார் எழுந்து நிற்பது? குறுக்கே போகவேண்டி வந்தால் குனிந்து, துலோ என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டே போகவேண்டும். காலை நீட்டினால் அதன்மேல் பாயைப் போடுவார்கள். பிறந்ததிலிருந்து இந்த வீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தவன், காலால் ஜூம் செய்யும் லென்ஸை வாங்கினான்.

சித்தப்பா மகனுக்குப் பட்டம் சூட்டிய அன்று பெனிக்குக் கிடைத்த இடம் பெரியப்பாவின் பின்னால். ஒரு முறை உட்கார்ந்தபடியே பக்கவாட்டில் நகர்ந்து பார்த்தான். பேசிக்கொண்டிருந்த பெரியவர் பேச்சை நிறுத்தி, "அங்கே ஏதோ மூட்டை உருளுதே, யாராவது பிடிங்கப்பா," என்றார். வீடே சிரித்தது. அதற்குப் பிறகு அவன் அசையவில்லை.

வீடியோவைப் பார்த்துவிட்டு சவுலோ கூப்பிட்டான்.

"டேய் பெனி, மூணு மணி நேரம் பெரியப்பாவோட வெத்து முதுகைப் பாத்தேன்டா. அந்த மச்சம் என் கனவுல வருது."

"ஃபோகஸ் எப்படி இருந்துச்சுண்ணா?"

"மச்சம் அருமையா இருந்துச்சு. அம்மா எங்கடா?"

"பெரியப்பாவுக்கு அந்தப் பக்கம்."

அதன் பிறகுதான் இரண்டு வருட ஆராய்ச்சி தொடங்கியது. தலைநகர் ஆபியாவில் இருக்கும் நண்பனிடம் மகா நீளமான ஜூம் ஒன்றை இரவல் வாங்கி வந்தான். கடற்கரையில் நிற்கிற நாயின் பல்கூடத் தெரிந்தது. ஆனால் வெயில் நாளிலும் எங்கள் கூரைக்குக் கீழே நிழல்தானே? முகத்தைக் கிட்டே இழுக்க இழுக்கப் படம் இருண்டது. அம்மா சாம்பலில் புரண்டு எழுந்தவள்போல் புள்ளி புள்ளியாகத் தெரிந்தாள். போதாததற்கு உள்ளே மோட்டார் கிறுகிறுவென்று சுற்றும் சத்தம் பிரார்த்தனையின் நடுவே பதிவாகியிருந்தது.

அம்மாவின் எண்பதாவது பிறந்தநாள் நெருங்கியது. ஊரே வரும், போதகர் வருவார். சவுலோ போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"அம்மா மூஞ்சியக் காட்டு. இன்னொரு தடவை நான் பாப்பேனோ என்னமோ. சீரா வர்ற பன்னி வேணாம், பாய் வேணாம். மூஞ்சி போதும்."

அன்றிலிருந்து பெனி இன்னும் மோசமானான். காலையில் கொக்கோ குடிக்கும்போதும் அதே பேச்சு.

"முடிவு பண்ணிட்டியாடா?"

"அவசரப்படுத்தாதக்கா. ஜூம் பண்ணாலும் வெளிச்சம் மாறக்கூடாது. கையில பிடிச்சா ஆடக்கூடாது. சத்தம் வரக்கூடாது. முழு வீடும் அடங்கணும், மூஞ்சியும் வரணும். நடுவுல லென்ஸ் மாத்த எந்திரிக்க முடியாது."

"ஒன்னைக் கட்டிக்க ஒருத்தியும் வராததுக்கு இப்பத்தான் காரணம் தெரியுது."

"நல்ல லென்ஸ் கெடைக்கிறதே கஷ்டம், நீ பொண்ணுக்குப் போயிட்டியே."

கடைசியில் ஒன்றை வரவழைத்தான். இருபத்துநான்கு மில்லிமீட்டரிலிருந்து நூற்றைந்து வரை போகும் ஜூம். பிரமாதமான வீச்சு எதுவும் இல்லை. இருட்டில் அற்புதம் செய்யாது, நாயின் பல்லையும் காட்டாது. ஆனால் அவன் கேட்டதெல்லாம் அதில் இருந்தது. முதல் வாரமே இதை வாங்கியிருக்கலாமே என்று கத்தினேன். "மத்ததெல்லாம் ஆகாதுன்னு தெரியணும்ல," என்றான். இந்தப் பதிலுக்காகவே அவனை அடித்திருக்கலாம்.

ஒரு நாள் முழுவதும் அம்மாவை முன் தூணோரம் உட்காரவைத்து, இவன் பின் தூணோரம் உட்கார்ந்து லென்ஸின் வளையத்தைத் திருகிக்கொண்டிருந்தான்.

"நான் என்ன சந்தைக்கு வந்த மீனா? இப்படித் திருப்பித் திருப்பிப் பாக்குற?" என்றாள் அம்மா.

"கண்ணு தெளிவா இருக்கா, செவுள் சிவப்பா இருக்கான்னு பாக்க வேண்டாமாம்மா?"

அசையும் வளையத்தில் மூன்று துண்டு வெள்ளை டேப் ஒட்டினான். ஒவ்வொரு துண்டிலும் நடுவில் ஒரு கோடு வேண்டும். எதிரே இருக்கிற குறியோடு அந்தக் கோடு சேர்ந்தால் கை தானே சரியான இடத்தில் நின்றுவிடுமாம். முதலாவதில் கோடு போட்டு 'வீடு' என்று எழுதினான். இரண்டாவதில் 'அம்மா'. மூன்றாவது, சீராகப் பன்றிகளும் பாய்களும் வந்து சேரும் வெளித் திடலுக்கு. அதைச் சரிபார்ப்பதற்குள் பேட்டரி தீர்ந்துவிட்டது. புதிது வாங்க சலேலோலோகாவுக்குப் போனான்.

எங்கள் ஊரில் வீடியோ எடுக்காமல் போன ஒரே சாவு அவனுடையது. எடுப்பவன் நடுவில் படுத்திருந்தான்.

பிறந்தநாளைத் தள்ளிவைக்கலாம் என்றார் போதகர். அம்மா ஒப்பவில்லை. "சவுலோ காத்துக்கிட்டிருக்கான். எசெத்தா, நீ எடு," என்றாள். அவன் சட்டைப்பையில் இருந்த பேட்டரிகளைப் போட்டேன். பின் தூணை ஒட்டி அதன் பின்னால் உட்கார்ந்தேன். முன்னால் பெரியப்பாவின் முதுகு. அவர் திரும்பி என் கையைப் பார்த்தார். பிறகு தன் தூணை விட்டு ஒரு முழம் ஒதுங்கி உட்கார்ந்தார். அவர் தூணை விட்டு விலகி நான் பார்த்ததில்லை.

வளையத்தை இரண்டாவது டேப்புக்குத் திருப்பினேன். அம்மாவின் முகம் கட்டத்துக்குள் சரியாக வந்து நின்றது. அதற்கு மேல் திருக எதுவும் இல்லை.

மறுநாள் சவுலோ கூப்பிட்டான்.

"அம்மாவுக்கு எடது கண்ணுல தண்ணி வருதே, டாக்டர்கிட்டக் காட்டினீங்களா?" என்றான்.

"அழுதாங்கண்ணா."

"அது தெரியும். எடது கண்ணுல மட்டும் வருது."

கூட்டிக்கொண்டு போய்க் காட்டினோம். அந்தக் கண்ணின் நீர்க்குழாயில் அடைப்பு இருந்தது.

வெளியே பன்றிகளும் பாய்களும் வந்த காட்சி மட்டும் வீடியோவில் பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. மூன்றாவது டேப் இன்னும் வளையத்தில் ஒட்டியிருக்கிறது. அதில் கோடும் இல்லை, எழுத்தும் இல்லை.