மாடசாமிமேல் எண்பது வருஷத்து எண்ணெய்

சங்கரன்கோவில் பேருந்து நிலையத்துக்கு எதிரே ராமசுப்புவின் ஜெராக்ஸ் கடை. ஆதார் நகல் எடுக்கப் போகிறவர்கள் அரை மணி நேரத்தைக் கையில் வைத்துக்கொண்டு போவது நல்லது. நகல் ஒரு நிமிஷத்தில் வந்துவிடும். அண்ணாச்சி அவிழ்த்துவிடும் குதிரைதான் அவ்வளவு சீக்கிரம் நிற்காது.

கரிவலம்வந்தநல்லூர் சாலையில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கும் பொட்டல், ஒரு காலத்தில் குதிரைப் பந்தய மைதானமாக இருந்தது என்பது அவர் கட்சி. ஜமீன் காலத்தில் பொங்கலுக்கு மறுநாள் பந்தயம் நடக்குமாம். சிவகிரியிலிருந்தும் பனவடலிசத்திரத்திலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு கூட்டம் வருமாம். பொட்டலை மூன்று சுற்று சுற்ற வேண்டுமாம். 1936, 37, 38 என்று மூன்று வருஷமும் முதலில் வந்தவர் அவருடைய தாத்தா பொன்னுச்சாமியாம். பிறகு ஜமீனுக்குக் கை நொடித்து, குதிரைகள் விலைக்குப் போய், பொட்டலில் ஆடு மேய்ந்ததாம். இத்தனை 'ஆம்' போடுவதற்குக் காரணம், ஊரில் ஒருவரும் இதை நம்பவில்லை. 'குதிரை அண்ணாச்சி' என்று பேர் வைத்ததோடு சரி. மனைவி மாரித்தாய்கூட, "இவங்க தாத்தா கழுதை மேல ஏறினதுக்கே சாட்சி கெடையாது" என்று சொல்லிச் சிரிப்பாள்.

சிரிக்காமல் கேட்டவர் கல்லூரியில் வரலாறு நடத்தும் ஷாஹின் பானு ஒருவர்தான். ஊரைப் பற்றி மாணவர்கள் போடும் புத்தகத்தில் பொட்டலுக்கு ஒரு பக்கம் தருவதாகச் சொன்னார்.

"ஆனா ஒரு சான்று வேணும் அண்ணாச்சி. போட்டோ, நோட்டீஸ், எதுன்னாலும் சரி. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது."

அன்றிலிருந்து ராமசுப்புவுக்குச் சோறு இறங்கவில்லை. முப்பது வருஷமாக வாங்கிய கேலிக்கு ஒரே பக்கத்தில் பதில் சொல்லிவிடலாம் அல்லவா? ஆனால் பரணை உருட்டியதில் கிடைத்தது துருப்பிடித்த ஒரு லாடம் மட்டும். அதையும் மாரித்தாய் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மாட்டு லாடம் என்று சொல்லிவிட்டாள்.

பொட்டலின் ஓரத்தில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு கல் நிற்கிறது. அதுதான் பொட்டல் மாடசாமி. அந்தக் கல்லுக்கு முதன்முதலில் எண்ணெய் ஊற்றிக் கும்பிட்டவர் பொன்னுச்சாமி. அதனால் வருஷா வருஷம் நடக்கும் கொடைத் திருவிழாவில் முதல் எண்ணெய் ஊற்றும் உரிமை ராமசுப்பு குடும்பத்துக்கு. தாத்தா ஒரு கண்டிப்பும் வைத்துவிட்டுப் போயிருந்தார். சாமி மேனியில் எண்ணெயை ஊற்றலாம். ஊற்றியதை ஒருநாளும் சுரண்டக் கூடாது. சுரண்டினால் கண் அவிந்துபோகும். எண்பது வருஷத்துப் பிசுக்கு தார் மாதிரி விரல் கனத்துக்கு ஏறிக் கிடந்தது.

அடுத்த வாரம் கொடை. பீடத்துக்கு டைல்ஸ் ஒட்டுவதற்காகக் கல்லை இரண்டடி நகர்த்த வியாழக்கிழமை ஜேசிபி வந்தது. ராமசுப்புவும், எண்ணெய்ப் பாட்டிலோடு மாரித்தாயும் போயிருந்தார்கள். கல்லை நகர்த்தி வைத்துவிட்டு ஜேசிபிக்காரர் டீ குடிக்கப் போனார். கட்டியிருந்த கயிற்றை ராமசுப்பு அவிழ்த்ததும், பிசுக்கு ஒரு பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. உள்ளே எழுத்து. 'பந்தய எல்லைக் கல்' என்று வெட்டியிருந்தது.

ராமசுப்பு துள்ளிய துள்ளலில் வேட்டி அவிழ்ந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. "ஏட்டி மாரி, பாருட்டி! குதிரை ஓடிச்சா இல்லையா? இப்பச் சொல்லு!"

கண் அவிந்தால் அவியட்டும் என்று கடைச் சாவியால் சுரண்ட ஆரம்பித்தார். 'முதலில் வந்தவர்' என்று தலைப்பு. அதன் கீழே 1936. மாரித்தாய் எழுத்துக்கூட்டி வாசித்தாள். "சிவகிரி சுடலைராஜ்." அடுத்தது 37. "சிவகிரி சுடலைராஜ்." முப்பத்தெட்டுக்கு வரும்போது சாவி மெதுவாகத்தான் நகர்ந்தது. அங்கேயும் அதே ஆள். மிச்சப் பிசுக்கையும் எடுத்துவிட்டுக் கல்லைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பொன்னுச்சாமி என்ற பேர் எங்கும் இல்லை.

தாத்தா எதற்காக இந்தக் கல்லைச் சாமியாக்கினார், எதற்காகச் சுரண்டக் கூடாது என்றார் என்பது பேரனுக்கு அப்போதுதான் விளங்கியது. முகம் செத்துப்போய் உட்கார்ந்துவிட்டார். இத்தனை வருஷம் கேலி செய்த மாரித்தாய்க்கு அன்று பார்த்துக் கேலி வரவில்லை. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

"யாரும் பாக்கல" என்று பாட்டிலை நீட்டினாள். "ஊத்திருவமா?"

ஊற்றிவிட்டால் தாத்தா ஜெயித்தவராகவே இருப்பார். பொட்டலில் குதிரை ஓடியதற்குச் சான்று இருக்காது. ஊற்றாவிட்டால் குதிரை ஓடியது நிஜமாகும், தாத்தா தோற்றுப்போவார். ராமசுப்பு பாட்டிலை வாங்கி மூடியைத் திறந்தார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, செல்போனை எடுத்து நான்கு பக்கமும் படம் பிடித்தார். அதற்கப்புறம்தான் எண்ணெய் ஊற்றினார். என்ன இருந்தாலும் சாமி சாமிதானே.

மறுநாள் படத்தோடு, தானே டைப் அடித்த பக்கத்தையும் ஷாஹின் பானுவிடம் கொடுத்தார். வாசித்துக்கொண்டே வந்த டீச்சர் கடைசி வரியில் நின்றுவிட்டார். 'பொன்னுச்சாமி என்பவரும் மூன்று வருஷமும் ஓடியதாக அவர் பேரன் சொல்கிறார். ஜெயிக்கவில்லை என்று கல் சொல்கிறது.'

"இந்த வரி அவசியமா அண்ணாச்சி? எடுத்துரட்டுமா?"

"இருக்கட்டும் டீச்சர். சுரண்டுனா கண்ணு போயிரும்னு தாத்தா சொல்லிட்டுப் போனாரு. சுரண்டிட்டேன். கண்ணு நல்லாத்தான் தெரியுது."