சூடு இருந்தால் எரியும் கல்

என் வீட்டுக்காரர் சிமெண்ட் ஆலை ஆய்வகத்தில் இருபத்தாறு வருடமாகக் கல்லை உடைத்து, அரைத்து, நிறுத்துச் சீட்டு எழுதுகிறவர். வீட்டிலும் அப்படித்தான். சாப்பாட்டில் உப்பு குறைச்சல் என்று சொல்ல மாட்டார். "கால் ஸ்பூன் கம்மி" என்பார். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற ஆள்.

அவர் தங்கை எங்களோடுதான் இருந்தாள். சிறுநீரகம் பழுதாகிப் படுத்த படுக்கையான பிறகு மாயாஜாலக் கதை ஒன்று எழுதத் தொடங்கினாள். அதற்கு ஒளிவிடும் கல் வேண்டுமாம்.

"அண்ணா, நீ ஒண்ணு செஞ்சு குடு. ஆனா நிஜக் கல்லு மாதிரி இருக்கணும்."

மனிதர் ஆலைச் சீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்தார். நிறம்: சாம்பல். நகத்தால் கீற முடியாது, கத்தியால் கீறலாம். உடைத்தால் ஏடு ஏடாகப் பிரியும். உயிருள்ள உடம்பின் சூட்டில் மட்டும் ஒளிரும். கையை எடுத்தால் அணையும். கீழே கையெழுத்து வேறு! அவள் சிரித்த சிரிப்பில் எனக்கே பொறாமையாக இருந்தது.

கதை முடிகிற இடத்தில்தான் வம்பு வந்தது. நாயகி சாகிறாள். அவள் வைத்திருந்த கல், கதையில் வரும் அவள் அண்ணனுக்காக மேசைமேல் இருக்கிறது.

"அவ போன பிறகும் கொஞ்ச நேரம் எரியட்டுமே அண்ணா."

"அதெப்படி? சூடு இல்லாம எங்கேருந்து வெளிச்சம் வரும்?"

"கதைதானே!"

"கதைன்னா? இஷ்டத்துக்கு மாத்தினா யாரு நம்புவா?"

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சமையலறைக்குக் கூப்பிட்டு, "அவ கல்லையா கேக்குறா? உங்க மண்டைக்குள்ள ஆலைக் கல்லா இருக்கு?" என்று வாங்கு வாங்கென்று வாங்கினேன். "யோசிக்கிறேன்" என்றார். நான்கு நாள் யோசித்தார். ஐந்தாம் நாள் காலை அவள் போய்விட்டாள்.

அடுத்த வாரம் புதுச் சீட்டு ஒன்று கொண்டுவந்தார். "திருத்தம்: வாங்கிய சூட்டைச் சிறிது நேரம் வைத்திருக்கும்." கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதன் கீழேயும் அவர் கையெழுத்துப் போட்டிருந்ததைப் பார்த்து விழுங்கிவிட்டேன்.

சீட்டை வைக்க அவள் நோட்டைத் திறந்தோம். கடைசிப் பக்கத்தில், "அவள் போன பிறகும் கல் ______ மணி நேரம் எரிந்தது" என்று இருந்தது. ஓரத்தில் பென்சிலால் குறித்திருந்தாள்: "எவ்வளவு நேரம்னு அண்ணன் சொல்வான்."

பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். எடுத்து வைத்த சாப்பாடு ஆறிப்போனது.

"நீயே ஒரு நம்பர் சொல்லேன்."

"வேண்டாங்க," என்றேன். "போட்டா, அந்த நேரத்துக்கு அணைஞ்சிடுமே."

நோட்டை மூடினார். அவள் போனதற்கு அன்றுதான் அழுதார்.