மகேஸ்வரி அக்காவும் அவர் கொடுத்துவிட்ட காரும்

செவ்வாய்க்கிழமை காலை, பிரிக்பீல்ட்ஸில் எங்கள் பல் மருத்துவமனையின் கதவை அப்போதுதான் திறந்திருந்தேன். மகேஸ்வரி அக்காவின் தம்பி வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தார்: "அக்கா போயிட்டாங்க." "எங்க?" என்று பதில் அனுப்பினேன். அவர் போன் செய்து, தூக்கத்திலேயே உயிர் பிரிந்துவிட்டது என்று சொன்னார். அதைக் கேட்ட பிறகும், அன்று அக்காவிடம் கொடுக்க வேண்டிய பல் அச்சுகளை நான் தனியாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா எங்கள் மருத்துவமனையின் பின்னறையில் பல் செட் செய்பவர். நான் முன்னால் கவுண்டரில் இருப்பவள். நான் வேலைக்குச் சேர்ந்தபோதே அவர் கிள்ளானில் தனியாகத்தான் வசித்தார். கணவர் வேறொரு பெண்ணோடு ஈப்போவுக்குப் போய்விட்டிருந்தார். போகும்போது, அவர் ஆசையாக வைத்திருந்த பழைய பிரிட்டிஷ் காரை வீட்டுப் போர்ச்சிலேயே விட்டுவிட்டார். அக்கா அதைத் துணி போட்டு மூடி வைத்திருந்தார். அதைப் பற்றிப் பேசமாட்டார்.

பல வருடங்கள் கழித்து அவருக்கு என்ன தோன்றியதோ, அந்தக் காரை ஸ்ரீ கெம்பாங்கானில் ஒரு பட்டறைக்கு அனுப்பி எஞ்சினை ஓட வைத்தார். பக்கவாட்டில் நீளமாகப் போகும் குரோம் பட்டைதான் தொல்லை கொடுத்தது. அதைப் பிடித்திருந்த கிளிப்புகள் துருவேறி உடைந்து, பட்டை தொங்கிக்கொண்டிருந்தது.

"இந்த கிளிப் இப்ப எங்கயும் கிடைக்காது அக்கா. டேப் வச்சு ஒட்டிடலாம் லா," என்றாராம் பட்டறைக்காரர்.

"ஒட்டுனா பின்னால தண்ணி நிக்கும் பாஸ். பாடி அரிச்சிடும்," என்று சொல்லிவிட்டு, உடைந்த கிளிப் ஒன்றை டிஷ்யூவில் சுற்றி வேலைக்கு எடுத்து வந்துவிட்டார்.

பல் செட் பக்கத்துப் பல்லைப் பிடித்துக்கொள்ள, துருப்பிடிக்காத கம்பியில் சின்னக் கொக்கி வளைத்து வைப்பார்கள். அக்கா அதே கம்பியை, சாப்பாட்டு நேரத்தில், உடைந்த கிளிப்பைப் பார்த்துப் பார்த்து வளைத்தார். முதலில் செய்தவை விறைப்பாக இருந்ததால் பட்டையை அழுத்தியபோது அது நசுங்கியது. அடுத்தவை தளர்ந்துபோய், ஒருநாள் வேலைக்கு வரும் வழியில் நெடுஞ்சாலையில் பட்டை கழன்று விழுந்தது. காரை ஓரம் நிறுத்திவிட்டு, நடந்து போய் எடுத்திருக்கிறார். தன் உயரத்தைவிட நீளமான அந்தப் பட்டையோடு அவர் உள்ளே வந்தபோது நோயாளிகள் எழுந்து வழிவிட்டார்கள்.

"பல்லுல கொக்கி அசையவே கூடாது. கார்ல கொஞ்சம் அசையணும் போல. இது எனக்குப் புரியல பாரு இத்தனை நாளா," என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்கு வரச் சொன்னார். கிளிப் மாட்டும் துளைகளில் துருவைச் சுரண்டி, பெயின்ட் பூசி, ரப்பர் வளையம் வைத்திருந்தார். நான் பட்டையின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, அவர் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே வந்தார். ஒவ்வொரு கிளிப்பும் டக், டக் என்று உட்கார்ந்தது. கடைசியில் பிடித்து இழுத்துப் பார்த்தார். வரவில்லை. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

சில வாரங்களில் ஷாமினி வந்தாள். அக்காவின் கணவருக்கு ஈப்போவில் பிறந்த மகள். அப்பாவுக்கு மறதி நோய் வந்து எல்லாம் மறந்துவிட்டது, ஓயாமல் காரை மட்டும் கேட்கிறார், ஒருமுறை அவரைக் கூட்டி வந்து காட்டலாமா என்று கேட்டிருக்கிறாள்.

"காட்ட வேணாம்மா. கொண்டு போயிடு," என்று அக்கா சாவியைக் கொடுத்துவிட்டார்.

இதைக் கேட்டு எனக்குக் கோபம் வந்தது. "அந்த ஆளுக்கா அக்கா இவ்வளவு பாடுபட்டீங்க?"

"இல்லடா. அவருக்காகச் செய்யல. ஏன் குடுத்தேன்னு எனக்கும் சரியா தெரியல," என்றார். கொஞ்சம் யோசித்தார். "போர்ச்சு இப்ப எவ்ளோ பெருசா இருக்கு தெரியுமா? மழை பேஞ்சாலும் துணி காயப்போடலாம்."

மன்னித்துவிட்டாரா, அல்லது அந்த வீட்டில் மிச்சமிருந்த கணவரையும் அனுப்பிவிட்டாரா? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

புதன்கிழமை இறுதிச் சடங்குக்கு அந்தக் கார் வந்தது. ஷாமினி ஓட்டி வந்திருந்தாள். பக்கத்து இருக்கையில் அவள் அப்பா. அக்காவின் தம்பி முகம் மாறி, "இவங்கள யாரு வரச் சொன்னா?" என்று என்னைக் கேட்டார். நான் காரின் அருகே போனேன். பெரியவர் கண்ணாடியை இறக்கினார்.

"இங்க யாரும்மா தவறிட்டாங்க?"

"மகேஸ்வரி."

"நல்ல பேரு," என்றார்.

அவர் மேல் கோபப்படத்தான் அங்கே போனேன். கோபத்தை யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் நின்றேன். அக்காவை வண்டியில் ஏற்றினார்கள்.

"ஆன்டி, நாங்க பின்னாடி வரலாமா?" என்று ஷாமினி கேட்டாள். தம்பி என்னைப் பார்த்தார். அக்கா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? தெரியவில்லை.

"வாம்மா," என்றேன்.

தூறல் விழத் தொடங்கியது. வண்டி மெதுவாகத் தெருமுனையில் திரும்ப, அந்தப் பழைய கார் விளக்கைப் போட்டுக்கொண்டு பின்னால் போனது. முன்னிருக்கையில் பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்து, தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் செய்தது சரியா என்று கேட்க நீங்கள் இல்லை, அக்கா. நிம்மதியாகப் போய் வாருங்கள்.